பேச்சுக் கொடுத்து, தட்டிக் கொடுத்து

போன மாதம் செல்வி வீட்டுக்கு வந்திருந்தாள். ராயகிரிப் பக்கம் ஒரு சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருக்கிறாள். நான் ஓய்வு பெறுவதற்கு முன் கடைசிச் சில வருடங்கள் என்னோடு ஊசி அறையில் நின்று வேலை பழகியவள். வந்ததும் வராததுமாக, "சிஸ்டர், இனிமே ஊசி போடும்போது பேச்சு குடுக்கக் கூடாதாம். டிரெயினிங்ல சொல்லிட்டாங்க" என்றாள். காபி போட எழுந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

வெளியூரிலிருந்து வந்த ஒரு டாக்டரம்மா வகுப்பு எடுத்திருக்கிறார். என்ன ஊசி, எதற்கு, எங்கே குத்தப் போகிறோம் என்று நோயாளியிடம் சொல்லிவிட்டுத்தான் கையைத் தொடவேண்டும். வேறு எதையோ பேசி, ஆள் அசந்த நேரத்தில் குத்துவது ஏமாற்று வேலை என்று சொல்லியிருக்கிறார். அதற்கு ஆங்கிலத்தில் 'பேட்டர்' என்று ஒரு பெயரும் சொன்னாராம். "எங்க சிஸ்டர் அப்படித்தான் போடுவாங்கன்னு நான் எந்திச்சுச் சொன்னேன். எல்லாரும் சிரிச்சிட்டாங்க" என்றாள் செல்வி. சொன்ன மாதிரியைப் பார்த்தால், என்னைப் பற்றிச் சிரித்தார்களா அவளைப் பற்றிச் சிரித்தார்களா என்பதில் அவளுக்கே சந்தேகம் இருந்தது. எது சரி என்று கேட்டாள். முப்பது வருடத்துக்கு மேல் செய்த ஒரு காரியத்தைக் காபி ஆறுவதற்குள் சரி, தப்பு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சொல் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. என் மகள் திருநெல்வேலியில் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறாள். போனில் கேட்டேன். அவளிடம் ஒரு சொல்லைப் பற்றிக் கேட்டால் அதன் பாட்டன் பூட்டன் வரை சொல்லாமல் போனை வைக்கமாட்டாள். பேட்டர் என்றால் நிறுத்தாமல் கடகடவென்று பேசுவது என்றாள். தெருவில் சாமான் விற்கிறவன் பேச்சு, வித்தை காட்டுகிறவன் ஒரு கையை மறைக்க மற்றக் கையை ஆட்டிக்கொண்டே பேசும் பேச்சு, மேடையில் சிரிப்புப் பாட்டின் நடுவே மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் வரிகள், எல்லாம் அதில் அடங்குமாம். திருடர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட குழூஉக்குறிக்கும் ஒரு காலத்தில் அந்தப் பெயர் இருந்ததாம். அத்தோடு இன்னொரு அர்த்தமும் உண்டு: மெல்ல மெல்லத் தட்டும் சத்தம். ஓட்டின் மேல் மழை விழுவது, சின்னப் பிள்ளைகள் தரையில் ஓடுவது போன்ற சத்தம்.

இரண்டும் ஒரே சொல்லா என்று கேட்டேன். எழுத்தில் ஒன்று, பிறப்பில் வேறு என்றாள். தட்டுகிற பேட்டர், 'பேட்' என்ற தட்டலிலிருந்து வந்தது. பேசுகிற பேட்டர் கோயிலிலிருந்து வந்தது. 'எங்கள் பிதாவே' என்று தொடங்கும் ஜெபத்தின் முதல் சொல் லத்தீனில் 'பாத்தெர்'. பாதிரியாரும் சரி, சபையில் நின்றவர்களும் சரி, அந்த ஜெபத்தை மறுபடி மறுபடி சொல்லி, அர்த்தம் தேய்ந்து, வாய் மட்டும் ஓடும்படி ஆகிவிட்டது. அப்படி முணுமுணுப்பதற்கு அந்த முதல் சொல்லையே பெயராக வைத்துவிட்டார்கள். ஜெபத்தில் தொடங்கிய சொல் தெரு வியாபாரியிடம் வந்து சேர எத்தனையோ தலைமுறை பிடித்திருக்கிறது.

அவளுக்கு அது இரண்டு சொல்லாக இருக்கலாம். எனக்கு அது ஒரே வேலை. நம் பாஷையிலும் பேச்சைக் 'கொடுக்கிறோம்', முதுகைத் தட்டிக் 'கொடுக்கிறோம்'. இரண்டையும் கொடுத்துவிட்டுத்தான் நான் ஊசியைக் குத்தினேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சாத்துக்குடிப் பழத்தில் குத்திப் பழகினோம். சாத்துக்குடி கையை இழுக்காது, அம்மாவைக் கூப்பிடாது. அதனால் சங்கரன்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியின் ஊசி அறையில் முதல் நாள் நின்றபோது, படித்தது எதுவும் கை கொடுக்கவில்லை. அப்போது கண்ணாடி சிரிஞ்சு. வெந்நீரில் கொதிக்கவைத்து, அதே ஊசியை மறுபடி மறுபடி எடுப்போம். முனை மழுங்கினால் கல்லில் தீட்டுவோம். தீட்டிய ஊசி தீட்டிய மாதிரியே குத்தும். இன்றைக்கு உறையைப் பிரித்துப் போட்டுவிட்டு எறியும் ஊசியை வைத்துக்கொண்டு அந்தக் காலத்து நர்ஸுகளை எடைபோடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஊசி அறைக்குத் தங்கபாய் சிஸ்டர்தான் பொறுப்பு. கட்டையான உருவம், கஞ்சி போட்டு மொடமொடவென்ற வெள்ளைச் சேலை. நோயாளி உள்ளே வந்துவிட்டால் சிஸ்டரின் வாய் மூடாது. கடைசி நோயாளி வெளியே போனதும் கடை ஷட்டரை இறக்கிய மாதிரி மூடிவிடும். எங்களிடம் பேசவே மாட்டார். இடுக்கியால் ஊசித் தட்டைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் தட்டின் மேல் துணி விலகியிருக்கிறது. இரண்டு தட்டு என்றால் கையைக் கீழே இறக்கிப் பிடி. விடாமல் தட்டினால் நீ ஒதுங்கு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். முதல் வருடம் எனக்கு அந்தக் கடைசித் தட்டுதான் அதிகம் கிடைத்தது.

காலையில் வேலை தொடங்குமுன், பஞ்சை உருட்டி வைத்துக்கொண்டே ஜெபம் சொல்வார். ஒரே மூச்சு. தொடக்கமும் 'ஆமென்'னும் மட்டும்தான் எனக்கு விளங்கும். நடுவில் என்ன சொன்னார் என்று ஆண்டவருக்குத்தான் தெரிந்திருக்கும். மகள் போனில் சொன்னபோது எனக்கு ஞாபகம் வந்தது அந்தப் பஞ்சுருண்டைதான்.

அவர் ஊசி போட்ட முறையை நான் கண்ணால் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். தட்டு எப்போதும் நோயாளியின் முதுகுப் பக்கம் இருக்கும், துணி போட்டு மூடியிருக்கும். ஊசியைக் கண்ணில் காட்டக் கூடாது. 'வலிக்காது' என்று சொல்லவே கூடாது. வலி என்ற சொல்லை யார் முதலில் எடுத்தாலும் வலி வந்துவிடும் என்பது அவர் கட்சி. இடது கையின் இரண்டு விரலால் குத்தப் போகும் இடத்தில் தட்டிக்கொண்டே இருப்பார், ஒரே சீராக, ஒரே கனத்தில். விறைத்திருக்கும் சதை அந்தத் தட்டலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். அந்தத் தட்டுகளுக்கு நடுவில் ஊசியும் ஒரு தட்டாக இறங்கிவிடும்.

கேள்வி கேட்பதில்தான் அவருடைய கெட்டிக்காரத்தனம் இருந்தது. "சாப்ட்டாச்சா" என்று கேட்டால் பிரயோசனம் இல்லை, தலையை ஆட்டிவிட்டு மறுபடி ஊசியை நினைப்பார்கள். யோசிக்க வைக்கும் கேள்வியாக இருக்கவேண்டும். "ஒங்க வீட்டுக் கல்யாணத்துக்கு எந்த ஊர் சமையக்காரரு வந்தாரு?" என்பார். நோயாளி யோசித்துக்கொண்டு முகட்டைப் பார்ப்பார். கண் மேலே போகும் நேரம் ஊசி உள்ளே போகும். ஊசியை எடுத்தபின்னும் பேச்சை நிறுத்தமாட்டார். பஞ்சை வைத்துத் தேய்த்துக்கொண்டே, சமையல்காரர் பெயர், அவர் வைத்த சாம்பார், பந்தியில் நடந்த சண்டை எல்லாவற்றையும் முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் அனுப்புவார். இதைப் பற்றி மட்டும் ஒரே ஒரு தடவை என்னிடம் வாய் திறந்து சொன்னார்: "கேட்ட கேள்விக்குப் பதில் வாங்காம அனுப்பினா, அடுத்த தடவ ஒன்ன நம்பமாட்டாங்க."

சிஸ்டர் ஓய்வு பெற்றுப் போனபின் அந்த அறை என் கைக்கு வந்தது. எனக்கு நல்ல பெயர்தான். கையில் ஊசி போட்டதே தெரியவில்லை என்று சொல்லி, எனக்கு வேலை இருக்கும் நாளாகப் பார்த்து வருகிறவர்கள் இருந்தார்கள். எனக்கு அதில் பெருமையும் இருந்தது, அதை மறைப்பானேன்.

சறுக்கலும் உண்டு. ராயகிரியில் பள்ளிக்கூடத்து முகாமுக்குப் போகும்போது பிள்ளைகளிடம், "காலைல என்ன சாப்ட்ட மக்கா?" என்று கேட்பேன். இட்லியா தோசையா என்று யோசிக்கும்போதே வேலை முடிந்துவிடும். வருடக்கணக்கில் அதே கேள்வி. ஒரு தடவை அந்த ஊரிலேயே ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்திக்குப் பக்கத்தில் நின்ற ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு, ஆசையாக, என்ன சாப்பிட்டாய் என்று கேட்டுவிட்டேன். கையைப் பொத்திக்கொண்டு அலறினாள் பாருங்கள். அவள் அலறியதைக் கேட்டு, அங்கே நின்ற மற்றப் பிள்ளைகளும் ஓட்டம் எடுத்துவிட்டார்கள். ஒருத்தன் பந்தி இலைகளுக்கு மேலேயே ஓடினான். பெண்ணின் அம்மா என்னை முறைத்த முறைப்பில் நான் பாயசம் வருமுன்பே எழுந்துவிட்டேன். அதன்பின் பிள்ளைகளிடம் கோழி வளர்க்கிறாயா, அதற்கு என்ன பெயர் என்று கேள்வியை மாற்றிக்கொண்டேன்.

கடையநல்லூர்க்காரர் ஒருவர் வளைகுடாவிலிருந்து லீவில் வந்து, இங்கே சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தபோது ஊசிக்கு வந்தார். அங்கே ஊசி போடுகிறவர்கள் பெயரைக் கேட்பார்கள், பிறந்த தேதியைக் கேட்பார்கள், குத்துவார்கள், அத்தோடு சரி என்றார். ஒரு தடவை அப்படிப் போட்டபோது அழுதுவிட்டாராம். ரொம்ப வலித்ததா என்று கேட்டேன். வலிக்கவே இல்லை, ஊர் ஞாபகம் வந்துவிட்டது என்றார். டாக்டரம்மாவின் வகுப்பில் இவரை எந்தப் பக்கம் உட்காரவைப்பார்களோ தெரியவில்லை.

இனி, செல்வியின் கேள்விக்கு வருகிறேன். சுடலைமுத்து அண்ணாச்சியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

திருவேங்கடத்துக்கு அந்தப் பக்கம் கரிசல்காட்டு ஊர் ஒன்றில் ஆடு வைத்திருந்தவர். அறுவடை முடிந்த காடுகளில் எருவுக்காக ராத்திரி ஆடுகளை அடைத்துப் போடுவார்கள். கிடை போடுவது என்று பெயர். ஊர் ஊராகக் கிடை போட்டுத் திரிகிற ஆள். பனைமரம் மாதிரி உயரம். அவருடைய மனைவி அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். கெண்டைக்காலில் நாய்க்கடி, ஆழமாக. கடித்த நாய் கிடைக்குள் புகுந்து இரண்டு ஆடுகளையும் கடித்துவிட்டு, வாயில் நுரையோடு சுற்றிச் சுற்றி விழுந்து செத்திருக்கிறது. வீட்டில் கடிவாயில் மிளகாய்ப்பொடியை அப்பியிருந்தார்கள்.

வெறிநாய்க்கடியில் வந்த நோயோடு ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். டம்ளரில் தண்ணீரைக் காட்டியதும் அவர் உடம்பு முழுக்க நடுங்கியது. அந்த நோய் வந்தபின் பிழைத்தவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. வராமல் தடுக்கத்தான் வழி இருக்கிறது. உடனே கழுவவேண்டும், கடிவாயைச் சுற்றி மருந்தை இறக்கவேண்டும், பிறகு விட்டு விட்டு நான்கு தவணை தடுப்பூசி. ஒன்றையும் தவறவிடக் கூடாது. பிழைப்பதும் சாவதும் அதில்தான் இருக்கிறது.

குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, மிளகாய்ப்பொடி போகும் வரை நானே கழுவினேன். ஆள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பாம்பைக் கம்பால் தூக்கி எறிகிறவர் என்று மனைவி சொன்னார். ஆனால் ஊசி என்றதும் முகம் வெளுத்துவிட்டது. கடிவாயைச் சுற்றிப் போடும் மருந்து சாதாரண வலி வலிக்காது. நான் தங்கபாய் சிஸ்டரின் பிள்ளை அல்லவா, காலைத் தட்டிக்கொண்டே பேச்சை ஆரம்பித்தேன். ஆடு எத்தனை, செம்மறியா வெள்ளாடா, போன வருடம் எந்தெந்த ஊரில் கிடை போட்டீர்கள் என்று கேட்டேன். அவர் ஊர்களை யோசித்துச் சொல்லச் சொல்ல, ஊருக்கு ஒரு குத்தாக மருந்தை இறக்கினேன். கையில் முதல் தடுப்பூசியையும் போட்டு முடித்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை என்றாலும், வேலை சுத்தமாக முடிந்த திருப்தி இருந்தது.

அடுத்த தவணைக்கு ஆள் வரவில்லை. அந்த ஊர்ச் சுகாதார நர்ஸிடம் சொல்லி அனுப்பினேன். அந்த நர்ஸைக் கண்டதும் அண்ணாச்சி ஆட்டை ஓட்டிக்கொண்டு அடுத்த காட்டுக்குப் போய்விட்டதாகத் தகவல் வந்தது. மறுநாள் எனக்கு விடுமுறை. டவுன் பஸ் பிடித்துப் போய், காட்டு வழியே விசாரித்துக்கொண்டு நடந்தேன். முந்தின நாள் பெய்த மழையில் நனைந்த கரிசலில் செருப்பு ஒட்டிக்கொண்டு வந்தது, அதைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன்.

ஒரு வேப்பமரத்தடியில் இருந்தார். கடிபட்ட இரண்டு ஆடுகளையும் தனியாகக் கட்டியிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார், ஓடவில்லை. நான் வழக்கம்போல ஆரம்பித்தேன்: வெயில், மேய்ச்சல், அது இது. அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பேச்சு குடுக்காதிய தாயி. வியாபாரி வந்து ஆட்டப் பிடிக்கும்போது நானும் இப்படித்தான் செய்வேன். கழுத்தத் தட்டிக்கிட்டே, ஒண்ணுமில்ல மக்கா, ஒண்ணுமில்லன்னு சொல்லுவேன். அது ஏம் மூஞ்சியப் பாக்கும். அப்படியே அவங் கையில குடுத்துருவேன். நீங்க ஏங் காலத் தட்டும்போது எனக்கு அந்த நெனப்புதான். கறிக்கடை தெரியுது கண்ணுக்குள்ள."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. வெயிலில் இவ்வளவு தூரம் நடந்து வந்த என்னைக் கறிக்கடைக்காரனோடு சேர்த்துவிட்டாரே என்று. ஆனால் சண்டை போட அங்கே போகவில்லை. சரி, எப்படிப் போட்டால் வருவீர்கள் என்று கேட்டேன்.

"குத்தப்போறதச் சொல்லிட்டுக் குத்துங்க. எங்கன, எப்பம்னு. வலிக்கும்னா வலிக்கும்னு சொல்லுங்க. தட்டப்படாது. வேற ஒரு வார்த்தையும் பேசப்படாது."

மறுநாள் காலையில் வந்தார். தவணை தள்ளிப்போனாலும் கெட்டுப்போகவில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் தட்டை முன்னால் எடுத்து வைத்தேன், துணியை விலக்கினேன். ஊசியைக் காட்டினேன். இங்கே, இப்போது, கொஞ்சம் வலிக்கும் என்று சொன்னேன். பிறகு வாயை மூடிக்கொண்டேன். பேசாமல் குத்த எனக்குத் தெரியவில்லை. ஒரு மனிதர் உடம்பில் ஊசியை ஏற்றுகிறோம் என்பது அந்த அமைதியில் அப்படியே தெரிந்தது. இத்தனை நாளும் பேச்சு அவர்களுக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன், பாதி எனக்காகத்தான் பேசியிருக்கிறேன். அவர் கண்ணை மூடாமல் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார். வியர்த்துக் கொட்டியது, ஆனால் கையை இழுக்கவில்லை. அடுத்த தவணைக்கும் சொன்ன நாளில் வந்தார், அதே மாதிரி நடந்தது.

செல்விக்கு நான் சொல்வது இதுதான். டாக்டரம்மா சொன்னது சுடலைமுத்து அண்ணாச்சிக்குச் சரி. தங்கபாய் சிஸ்டர் செய்தது கடையநல்லூர்க்காரருக்குச் சரி. வருகிற ஆள் யார் என்று பார்க்காமல் வாயைத் திறப்பதும் வேலை இல்லை, வாயை மூடுவதும் வேலை இல்லை. நான் ஊருக்கெல்லாம் பேச்சுக் கொடுத்து ஊசி போட்டதற்காக இன்றைக்கும் வருத்தப்படவில்லை. அண்ணாச்சிக்கு முதல் நாள் போட்ட மருந்தைக்கூட, பேசாமல் இருந்திருந்தால் முழுவதும் இறக்கவிட்டிருப்பாரா என்பது சந்தேகம்தான். அந்தச் சந்தேகத்தை நீயும் வைத்துக்கொள். எந்தப் பயிற்சியிலும் அதைத் தீர்த்துவைக்க மாட்டார்கள்.

கடைசித் தவணை சில வாரம் கழித்து வரும். அந்தத் தவணை நாள் காலையில் அண்ணாச்சி வரிசையில் நின்றார். சவரம் செய்யாத முகம். தன் முறை வந்தபோது மற்றவர்களை முன்னால் போகச் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார். கூட்டம் எல்லாம் போனபின் உள்ளே வந்து முக்காலியில் உட்கார்ந்தார். நான் தட்டை முன்னால் வைத்தேன். அவர் ஊசியைப் பார்க்கவில்லை.

கட்டிப்போட்ட இரண்டு ஆடுகளில் ஒன்று செத்துவிட்டது என்றார். முதலில் இரை எடுக்கவில்லை. பிறகு வாயில் எச்சில் ஒழுக, வேப்பமரத்தை முட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. பின்கால் இழுத்துக்கொண்டது. கத்தும்போது அதன் குரலே மாறிவிட்டது என்றார். மாட்டு டாக்டர் சொன்னபடி, தோலை உரிக்காமல் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்திருக்கிறார். ஆடு மேய்க்கிறவர்கள் ஆடு செத்ததைச் சொல்லும் குரலில் அவர் சொல்லவில்லை. அதே நாய், அதே நாள், அதே பல். அவர் மனசில் ஓடியது எனக்குத் தெரியாமல் இல்லை.

"எனக்கு ஒண்ணும் ஆகாதுல்லா?" என்று கேட்டார்.

ஒண்ணும் ஆகாது அண்ணாச்சி என்று சொல்லிவிட்டேன். கேட்பதற்கு முன்பே வாயில் தயாராக இருக்கும் பதில் அது. காய்ச்சலோடு வருகிறவரிடம் சொல்வேன், பிரசவத்துக்கு வருகிறவளிடம் சொல்வேன், அன்றைக்குக் காலையில் மட்டும் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று தெரியாது. அவர் தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்தார்.

"எல்லாருக்கும் சொல்லுதியள்ளா, அந்த ஒண்ணும் ஆகாதா இது? இல்ல, எனக்குன்னு சொல்லுதியளா?"

கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தேன். இன்னொரு முக்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். ஊசி அறையில் நான் உட்கார்ந்ததே கிடையாது. என்ன சொல்லவேண்டும் என்று யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன், அதற்கு நேரம் பிடித்தது.

"அந்த ஆட்டுக்கு ஊசி போடல, அண்ணாச்சி. ஒங்களுக்குப் போட்டிருக்கு. புண்ண நாந்தான் கழுவுனேன். மருந்த நாந்தான் எறக்குனேன், ஒரு சொட்டு வெளிய போகல. இன்னைக்குப் போடுதது கடைசி. சாமி கையில இருக்கதப் பத்தி எனக்குத் தெரியாது. ஏங் கையில இருந்தது எல்லாம் ஒங்க ஒடம்புக்குள்ள போயிட்டு."

அவர் சட்டைக் கையைத் தோளுக்கு மேல் சுருட்டினார். இங்கே, இப்போது, கொஞ்சம் வலிக்கும் என்று சொன்னேன். போட்டேன். எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அதன்பின் பல மாதம் எனக்குப் பயம் இருந்தது. ஊசியில் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனாலும் புண் ஆழமானது, ஒரு தவணை தள்ளிப்போயிருந்தது. வாசலில் யாரையாவது கட்டிலோடு தூக்கி வந்தால் முதலில் ஆளின் உயரத்தைத்தான் பார்ப்பேன். திருவேங்கடம் பக்கத்திலிருந்து வருகிறவர்களிடம் விசாரிக்கலாம் என்று நினைப்பேன், விசாரிக்கமாட்டேன். என்ன பதில் வருமோ என்று இருந்தது.

ஆவணியோ புரட்டாசியோ, ஒரு திங்கட்கிழமை. கூட்டம் முண்டியடித்தது. ஒரு கிழவியிடம் அவள் பேரன் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டே தட்டிக்கொண்டிருந்தேன். கதவுப் பக்கம் வெளிச்சம் மறைந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அண்ணாச்சி நிலைப்படிக்குத் தலையைக் குனிந்து நின்றுகொண்டிருந்தார். வரிசையில் வரவில்லை, கையில் சீட்டு இல்லை, உடம்புக்கு ஒன்றும் இல்லை.

"இருக்கேன்" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். அவர் போய்விட்டார். கிழவி என் கையைத் தொட்டு, சொன்னது காதில் விழுந்ததா என்று கேட்டாள். விழவில்லை, இன்னொரு தடவை சொல்லு ஆச்சி என்றேன்.